கரண்ட் இல்லாத நாளில் லேப்டாப், மோடம்: 12 வோல்ட் கணக்கு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் கூடவே ஒரு யு.பி.எஸ். வாங்குகிறார்கள். அரை மணி நேரம் கரண்ட் போனால் அது போதும். நாள்கணக்கில் வராவிட்டால் என்ன செய்வீர்கள்?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் விழுந்தன. பல கிராமங்களுக்குக் கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. கீரமங்கலம் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரும் அதில் ஒன்று. நான் அப்போது இன்ஜினியரிங் கடைசி வருடம். ஊருக்கு வந்த இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

காரில் பயன்படுத்தும் சிறிய இன்வெர்ட்டர் ஒன்று என்னிடம் இருந்தது. அதை அப்பாவின் டிராக்டர் பாட்டரியில் மாட்டினேன். இரண்டு நாள் லேப்டாப் ஓடியது, இரண்டு எல்.இ.டி. பல்பு எரிந்தது, தெருவில் உள்ளவர்களின் செல்போன்கள் சார்ஜ் ஆயின. எனக்கு ஒரே பெருமை. மூன்றாம் நாள் காலை, விழுந்து கிடந்த தென்னை மரங்களை இழுக்க அப்பா வண்டியை எடுக்கப் போனார். "தம்பி, செல்ப் எடுக்கலையே, என்னப்பா பண்ணின?" என்றார். பக்கத்து ஊரிலிருந்து வேறு பாட்டரி கொண்டுவரும் வரை பாதையை மறித்து மரம் அப்படியே கிடந்தது.

பிறகுதான் கணக்குப் போட்டேன். அந்தப் பாட்டரி 12 வோல்ட், 80 ஆம்பியர்-அவர். இரண்டையும் பெருக்கினால் 960 வாட்-அவர். இதுதான் அதன் மொத்த இருப்பு. லேப்டாப் 45 வாட், ஆறு மணி நேரம்: 270. இரண்டு 9 வாட் பல்பு, இரண்டு இரவும் சேர்த்து 12 மணி நேரம்: 216. ஒரு போனுக்கு 15 என்று 12 போன்களுக்கு 180. ஆக 666. இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் 780 தாண்டும். முக்கால் பங்குக்கு மேல் காலி!

இதில் இரண்டு தவறுகள். முதலாவது, வண்டி பாட்டரி சில விநாடிகள் பெரிய கரண்ட் கொடுத்து எஞ்சினைச் சுழற்றுவதற்காகச் செய்யப்பட்டது. மெதுவாக நெடுநேரம் உறிஞ்சினால் விரைவில் கெட்டுவிடும். இன்வெர்ட்டரின் அலாரத்தை நம்பவும் முடியாது. என்னுடையது 10.5 வோல்ட்டில்தான் நிற்கும், அதற்குள் பாட்டரி தீர்ந்திருக்கும். நமக்குக் கேரவன் என்றால் சினிமா நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி. வெளிநாடுகளில் குடும்பத்தோடு தங்கிப் பயணிக்கும் அத்தகைய வண்டிகளில் எஞ்சினுக்கு ஒன்று, விளக்கு, பிரிட்ஜுக்கு ஒன்று எனப் பாட்டரியைத் தனியே பிரித்து வைக்கிறார்கள். காரணம் இதுதான்.

இரண்டாவது, சுற்று வழி. பாட்டரியின் 12 வோல்ட் டி.சி.யை இன்வெர்ட்டர் 230 வோல்ட் ஏ.சி. ஆக்குகிறது. லேப்டாப் அடாப்டர் அதை மறுபடி 19 வோல்ட் டி.சி. ஆக்குகிறது. இரண்டு இடத்திலும் மின்சாரம் சூடாகி வீணாகிறது. உங்கள் மோடமின் அடியில் பாருங்கள், பெரும்பாலும் "12 வோல்ட்" என்றே இருக்கும். 12 வோல்ட்டை 230 ஆக்கி, மீண்டும் 12 ஆக்குவானேன்?

இப்போது எங்கள் வீட்டில் 100 ஆம்பியர்-அவர் டியூபுலர் பாட்டரி ஒன்று தனியாக உள்ளது. லேப்டாப்புக்குக் கார் சார்ஜர் (டைப்-சி லேப்டாப் என்றால் 65 வாட் சார்ஜர்), 12 வோல்ட் பல்புகள், மோடமுக்கு ஒரு டி.சி. கன்வெர்ட்டர். மோடமை நேரடியாக இணைக்காததற்குக் காரணம் உண்டு. சார்ஜ் ஆகும்போது பாட்டரி 14.4 வோல்ட் வரை போகும், எல்லா மோடமும் அதைத் தாங்காது. பின்னில் பிளஸ் நடுவிலா வெளியிலா என்பதையும் பார்த்து மாட்டுங்கள். 1,200 வாட்-அவரில் பாதியை மட்டும் எடுத்தால் 600. லேப்டாப் 40, மோடம் 8, பல்புகள் 10, கன்வெர்ட்டர்களில் போவது கொஞ்சம் என்றால் ஒன்பது மணி நேரம் ஓடும். (வெளியே கேபிள் அறுந்திருந்தால் மோடம் எரிந்தும் பயனில்லை, அது வேறு கதை.)

பியூஸ் இல்லாமல் எதையும் இணைக்காதீர்கள். பாட்டரியின் பிளஸ் முனைக்கு அருகிலேயே 10 ஆம்பியர் பியூஸ் போடுங்கள். 12 வோல்ட் நம்மைச் ஷாக் அடிக்காது, ஆனால் ஒயர் ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து தீப்பிடிக்கும். உங்கள் வீட்டு இன்வெர்ட்டருக்கு இரண்டு பாட்டரி என்றால் அது 24 வோல்ட் அமைப்பு. அதில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்தால் இரண்டும் சமமில்லாமல் போய்க் கெடும், எடுக்காதீர்கள்.

ஒரு மல்டி மீட்டரும் வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் கழற்றிச் சில மணி நேரம் கழித்து அளந்தால் 12.6 வோல்ட் என்பது முழு சார்ஜ், 12.2 என்பது ஏறக்குறைய பாதி. 12.2 காட்டினால் லேப்டாப்பை மூடிவிட்டு, பல்பையும் போனையும் மட்டும் ஓட்டுங்கள். நான் ஆண்டுதோறும் அக்டோபரில், மழை தொடங்கும் முன் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, இந்த அளவைப் பார்த்து வைக்கிறேன். டிராக்டர் பாட்டரிப் பெட்டியை அப்பா பூட்டி வைத்திருக்கிறார்.