பிழைக்கு 2.56 டாலர்

1977-ல் தன் புத்தகத்தின் அச்சுப்படியைப் பார்த்து டொனால்ட் க்னூத் நொந்துபோனார். ‘தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்’ நூலின் இரண்டாம் தொகுதி, மறுபதிப்பு. முதல் பதிப்பை ஈய எழுத்தில் கோத்திருந்தார்கள். இப்போது ஒளியச்சு. கணிதச் சூத்திரங்கள் பார்க்கச் சகிக்கவில்லை. அவர் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர், 1974-லேயே டூரிங் விருது வாங்கியவர். வேறொருவராக இருந்தால் பதிப்பகத்தாரிடம் சண்டை போட்டிருப்பார். இவர் எழுதிக்கொண்டிருந்த புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, அச்சுக்கோக்கும் மென்பொருளைத் தானே எழுத உட்கார்ந்தார். சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்த வேலை ஏறக்குறைய பத்தாண்டுகளை விழுங்கியது. அதுதான் ‘டெக்’. கணித, இயற்பியல் ஆய்வுக்கட்டுரைகள் பெரும்பாலும் இன்றும் அதன் வழியாகத்தான் பக்கங்களாகின்றன.

நிரலை முதலில் பென்சிலால் தாளில் எழுதி முடித்தார். கணினியில் ஏற்றிச் சரிபார்க்கத் தொடங்கியபோது ஒரு குறிப்பேடு போட்டார். 1978 மார்ச் 10 முதல் கண்ணில் பட்ட ஒவ்வொரு பிழையும், செய்த ஒவ்வொரு மாற்றமும் வரிசை எண்ணோடு அதில் ஏறின. நாமெல்லாம் பிழை சிக்கினால் சத்தமில்லாமல் திருத்தி, ‘சிறு மாற்றங்கள்’ என்று குறித்துவிட்டு டீ குடிக்கப் போகிற ஆட்கள். அவர் 1989-ல் எண்ணூறுக்கும் மேற்பட்ட பதிவுகள் கொண்ட அந்தப் பட்டியலை அப்படியே ஆய்விதழில் வெளியிட்டார்.

அதைவிட முக்கியம், அவர் அவற்றைப் பிரித்த விதம். மொத்தம் 15 வகை, ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. ‘டி’ என்றால் வெறும் தட்டச்சுத் தவறு. ‘பி’ என்றால் என்ன எழுத வேண்டும் என்று தெரிந்திருந்தும் கை வேறொன்றை எழுதிவிட்டது. ‘எஃப்’ என்றால் ஒரு வேலையைச் சேர்க்கவே மறந்தாயிற்று. ‘எம்’ என்றால் நிரலின் ஒரு பகுதி எதிர்பார்த்தது ஒன்று, இன்னொரு பகுதி கொடுத்தது வேறு. எனக்குப் பிடித்தது ‘எஸ்’: இப்படியும் ஒரு நிலைமை வரும் என்று எழுதியவரே கனவிலும் நினைக்காதது. தட்டச்சுத் தவறுக்கு மருந்து இன்னொரு முறை படிப்பது. ‘எஸ்’ வகைக்கு எத்தனை முறை படித்தாலும் போதாது, முரட்டுச் சோதனைகள் வேண்டும். நோயைப் பிரித்தறியாமல் எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரை கொடுப்பதைத்தான் பல மென்பொருள் குழுக்கள் செய்துகொண்டிருக்கின்றன.

தன் கண்ணுக்குத் தப்பியதைப் பிறர் பிடித்தால் அவர் காசோலை அனுப்பினார். தொகை 2.56 டாலர், அதாவது 256 சென்ட். பத்தைப் பத்தால் பெருக்கினால் நமக்கு நூறு. கணினிக்காரர்கள் பதினாறின் அடுக்கில் எண்ணும்போது அந்த ‘நூறு’ 256. டெக் பிழைக்கான பரிசு ஆண்டுதோறும் இரட்டிப்பாகி 327.68 டாலரில் வந்து நின்றது. வாங்கியவர்களில் பலர் வங்கிப் பக்கம் போகவில்லை, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டார்கள். காசோலை மோசடிக்குப் பயந்து 2008-ல் அவர் இல்லாத ஒரு வங்கியின் பெயரில் சான்றிதழ் தரத் தொடங்கினார். அதற்கும் மவுசு குறையவில்லை.

டெக்கின் பதிப்பு எண்ணும் ஒரு தனிக்கூத்து. 3.1, 3.14 என்று திருத்தத்துக்குத் திருத்தம் ‘பை’யை நெருங்குகிறது, புது வசதி எதுவும் சேர்வதில்லை. 2014-க்குப் பிறகு 2021-ல்தான் வந்துசேர்ந்த பிழைகளை எடுத்துப் பார்த்தார். எண் 3.141592653 ஆனது. அடுத்து 2029-ல் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அப்போது அவருக்கு வயது 91.