இணையம் வந்தால் ஊருக்கு வேலை வருமா? தரமணி தந்த பாடம்

திருமயிலையில் காலை நேரத்தில் பறக்கும் ரயிலில் ஏறினால் நிற்கத்தான் இடம் கிடைக்கும். திருவான்மியூரில் கூட்டம் கூட்டமாக இறங்குகிறார்கள். அவர்களில் திருவாரூர், விழுப்புரம், தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகள் நிறைய பேர். நான்கைந்து பேர் சேர்ந்து ஓர் அறை, மெஸ் சாப்பாடு, மிச்சமானது ஊருக்கு என்று வாழ்கிறவர்கள். நிலையத்துக்கு எதிரே நிற்கும் டைடல் தகவல் தொழில்நுட்பப் பூங்கா 2000-ல் திறக்கப்பட்டது. கணினியும் இணையமும் இருந்தால் எங்கிருந்தும் செய்யக்கூடிய வேலைக்கு இவ்வளவு பேர் ஏன் ஊரை விட்டு வர வேண்டும்?

இந்தக் கேள்வி புதிதல்ல. இதற்கு விடை தேடிய இரண்டு பெரிய முயற்சிகள் இதே அடையாறு–தரமணி வட்டாரத்தில்தான் பிறந்தன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பாதிக்குமேல், அதாவது 51.6 சதவீதம் பேர் கிராமங்களில் வாழ்ந்தார்கள். அந்த இரண்டு முயற்சிகளும் எங்கே வென்றன, எங்கே சறுக்கின என்பது இன்றைக்கும் அவர்களுக்குத் தேவையான பாடம்.

முதல் முயற்சி எது?

வேளாண் விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதன் 1988-ல் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம் தரமணியில் இருக்கிறது. 1998-ல் அது புதுச்சேரி கிராமங்களில் ‘அறிவு மையங்கள்’ அமைத்தது. தொலைபேசி இணைப்பே அரிதாக இருந்த காலம் அது. வில்லியனூரைத் தலைமையிடமாக வைத்து, கம்பியில்லா வானொலிக் கருவிகள் மூலம் மற்ற ஊர்களை இணைத்தார்கள். மின்சாரம் அடிக்கடி போனதால் சூரிய ஒளித் தகடுகளையும் பொருத்தினார்கள்.

கணினியை வைப்பதற்கு முன், ஊர்க்காரர்களுக்கு என்ன தகவல் தேவை என்று அவர்கள் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். வீராம்பட்டினம் மீனவர்களுக்குத் தேவைப்பட்டது, கடல் அலை எவ்வளவு உயரம் இருக்கும் என்ற செய்தி. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அதை எடுத்து, தமிழாக்கி, ஒலிபெருக்கியில் தினமும் அறிவித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இணையம் அப்படிப் போய்ச் சேர்ந்தது.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 காலை அந்த ஒலிபெருக்கியின் மதிப்பை உலகமே அறிந்தது. நல்லவாடு மீனவ கிராமத்தைச் சேர்ந்த ஒருவர் அப்போது சிங்கப்பூரில் இருந்தார். நிலநடுக்கச் செய்தி தெரிந்ததும் ஊருக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். அறிவு மையத்து ஒலிபெருக்கியில் அபாய அறிவிப்பு ஒலித்தது. சுமார் 3,600 பேர் வாழ்ந்த அந்த ஊர் மக்கள் உயிர் தப்பினார்கள். படகுகளையும் வீடுகளையும் கடல் கொண்டுபோனது.

இரண்டாவது முயற்சி?

சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா தலைமையிலான டெனெட் குழு வேறு வழியில் போனது. நன்கொடையை நம்பாமல், கிராம இணையத்தைத் தன் காலில் நிற்கும் தொழிலாக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அங்கே உருவான ‘கார்டெக்ட்’ என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பம், சிறு நகரத்தில் ஒரு கோபுரம் வைத்துச் சுற்றியுள்ள ஊர்களுக்கு இணைப்புத் தந்தது. சுமார் 50,000 ரூபாய் முதலீட்டில் உள்ளூர் இளைஞர் ஒருவர் இணைய மையம் தொடங்கலாம். 2001-ல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் இது பரவியது. பிறப்புச் சான்றிதழ், முதியோர் ஓய்வூதியம் போன்றவற்றுக்கு அங்கிருந்தே விண்ணப்பித்தார்கள். கண் நோயாளிகள் அரவிந்த் மருத்துவமனையின் ஆலோசனையைப் பெற்றார்கள்.

ஆனால் சில ஆண்டுகளுக்குள் மையங்கள் பல மூடப்பட்டன. பின்னர் நடந்த ஆய்வுகள் காட்டிய காரணங்கள் முக்கியமானவை. நடத்துகிறவருக்குச் செலவு போக மிஞ்சும் வருமானம் போதவில்லை. பயிற்சியும் பழுதுபார்க்கும் உதவியும் தொடரவில்லை. ஆர்வமாக ஒத்துழைத்த அதிகாரி மாறுதலாகிப் போனதும் வட்டாட்சியர் அலுவலகச் சேவைகள் படுத்துவிட்டன. ஒரு நல்ல அதிகாரியின் நாற்காலியை நம்பி நின்ற திட்டம், அவர் எழுந்ததும் விழுந்தது.

வேலையே ஊருக்கு வந்ததா?

வந்தது. ஐஐடியின் ஆதரவில் வளர்ந்த ‘தேசிகுரூ’ நிறுவனம், திருவாரூர் மாவட்டம் கொள்ளுமாங்குடி போன்ற ஊர்களில் தரவுப் பதிவு வேலைகளைக் கொண்டுவந்தது. வெளியூர் அனுப்ப வீட்டில் சம்மதிக்காத பெண்கள் பலருக்கு, அது வாசலுக்கு வந்த வேலை. தென்காசி அருகே மத்தளம்பாறையில் சோஹோ மென்பொருள் நிறுவனம் இயங்குகிறது.

ஆனால் அடிப்படை வசதியில் ஊருக்கும் நகரத்துக்கும் உள்ள வேறுபாடு இந்த முயற்சிகளின் கழுத்தைப் பிடித்தது. 2012-ல் சென்னையில் மின்வெட்டு இரண்டு மணி நேரம். பல மாவட்டங்களில் பத்து மணி நேரத்துக்கும் மேல். ஊரில் அலுவலகம் நடத்தியவர் டீசல் ஜெனரேட்டருக்குச் செலவழித்துக்கொண்டே தி.நகரில் இருப்பவரோடு போட்டி போட வேண்டியிருந்தது. வாடகையில் மிச்சமானதை டீசல் தின்றுவிட்டது.

இப்போது நிலைமை என்ன?

மத்திய அரசு 2011-ல் ஒப்புதல் அளித்த தேசிய கண்ணாடி இழைத் திட்டம்தான் இன்றைய பாரத்நெட். தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் இணைப்பது இங்கே அதன் இலக்கு. அதற்காகவே டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனம் 2018-ல் அமைக்கப்பட்டது. விழுப்புரம் மாவட்டம் வானூர் அருகே 2024 பிப்ரவரியில் மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. அதே ஆண்டில் தஞ்சாவூரிலும் சேலத்திலும் திறந்தார்கள்.

இவை வரவேற்க வேண்டியவை. ஆனால் வீராம்பட்டினமும் மேலூரும் கேட்ட பழைய கேள்விகளுக்குத்தான் இன்னும் விடை வேண்டும். இந்த இணைப்பால் ஊருக்கு என்ன தேவை நிறைவேறும்? மையத்தில் உட்காருகிறவருக்கு மாதச் சம்பளம் உண்டா? இழை அறுந்தால் எத்தனை நாளில் சரிசெய்வார்கள்? கணக்கில் இத்தனை கிலோமீட்டர் இழை போட்டோம் என்று எழுதுவது எளிது. ஒவ்வொரு நாளும் அது உயிரோடு இருப்பதுதான் ஊருக்குப் பயன்.

மயிலாப்பூரிலும் அடையாறிலும் வாழ்ந்தாலும் நம்மில் பலருக்குச் சொந்த ஊர் என்று ஒன்று இருக்கிறது. அடுத்த முறை போகும்போது ஊராட்சி அலுவலகத்துக்குள் எட்டிப் பாருங்கள். இணையக் கருவியில் விளக்கு எரிகிறதா, அதன் முன்னால் யாராவது உட்கார்ந்து வேலை செய்கிறார்களா என்று கவனியுங்கள். இல்லையென்றால் ஊரில் இருக்கும் உறவினர்களிடம் சொல்லி கிராம சபையில் கேட்கச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஆறு முறை கூடும் அந்தச் சபையில் கேள்வி கேட்பது அவர்களுடைய உரிமை.