கஜாவுக்குப் பின் குளத்தில் இறங்கிய ஊர்கள்

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆண்டு முழுக்கத் தண்ணீர் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. வெள்ளாறு, அக்கினியாறு, அம்புலியாறு, பாம்பாறு எல்லாமே மழை பெய்தால் ஓடி, நின்றால் மணலாகிவிடுபவை. கல்லணைக் கால்வாய் வழியாகக் காவிரி நீர் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடிப் பக்கம் எட்டிப்பார்க்கிறது. கடைமடை என்பதால் அதுவும் வந்து சேர்ந்தால்தான் நிச்சயம். மற்றதெல்லாம் வானம் பார்த்த பூமி. இப்படிப்பட்ட நிலத்தில் ஊர்கள் பிழைத்துக் கிடந்ததற்குக் காரணம், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்களும் ஏரிகளும் குளங்களும்தான்.

அந்தக் குளங்களை அரசுக்காகக் காத்திராமல் ஊர்ப் பணத்தில் தூர்வாரும் வேலை, 2019 கோடையில் ஆலங்குடி வட்டத்தின் கொத்தமங்கலம், கீரமங்கலம், சேந்தன்குடி வட்டாரத்தில் சூடுபிடித்தது. முன்னின்றவர்கள் உள்ளூர் இளைஞர்கள். பக்கத்துத் தஞ்சை மாவட்டத்தின் பேராவூரணியிலும் அதே சமயம் 'கைஃபா' என்ற கடைமடைப் பகுதி விவசாயிகள் அமைப்பு, 564 ஏக்கர் பெரியகுளத்தில் இறங்கியது. சுற்றுச்சூழல் இயக்கம் என்று பெயர் சூட்டிக்கொண்டு யாரும் தொடங்கவில்லை. குடிக்கவும் பாய்ச்சவும் தண்ணீர் வேண்டும் என்ற கவலைதான் தொடக்கம்.

அந்தக் கவலையைக் கிளப்பிவிட்டது ஒரு புயல். 2018 நவம்பர் 16 அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா, மேற்கே நகர்ந்து ஆலங்குடி வட்டாரத்தையும் புரட்டிப் போட்டது. வடகாடு, மாங்காடு, கீரமங்கலம், கொத்தமங்கலம் பக்கம் செம்மண் பூமி. பலா, தென்னை, மா, வாழை, மல்லிகை என்று வருமானம் தரும் பயிர்கள். ஒரே இரவில் தலைமுறை தலைமுறையாக வளர்த்த மரங்கள் சாய்ந்தன. மின்கம்பங்களும் சாய்ந்ததால் நாள்கணக்கில், சில ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. பல நூறு அடி ஆழத்தில் கிடந்த தண்ணீர் மேலே வர வழியில்லாமல் போயிற்று. ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்து மேல்நிலைத் தொட்டியை நிரப்ப வேண்டிய நிலை. போர்வெல்லை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்தை எந்த விழிப்புணர்வுக் கூட்டமும் இவ்வளவு நன்றாக விளக்கியிருக்க முடியாது.

போர்வெல் வருவதற்கு முன்னால் இந்த மாவட்டம் தண்ணீரை எப்படி ஆண்டது என்பதற்குக் கல்லிலேயே சாட்சி உண்டு. பழைய கண்மாய்கள் பலவற்றின் உள்வாயில், கரையை விட்டுச் சற்றுத் தள்ளி இரண்டு கல்தூண்கள் நிற்கும். குறுக்கே கல் சட்டங்கள். இதுதான் குமிழி. தூண்களுக்குக் கீழே ஒரு கல் தொட்டி. அதன் மேல்மூடியில் நீரோடித் துளை, அதை ஒரு குழவி அடைத்திருக்கும். தொட்டியின் அடிப்பக்கத்தில், தரையை ஒட்டிச் சிறிய சேறோடித் துளைகள். பாசனத்துக்குத் தண்ணீர் விட வேண்டுமென்றால் ஓர் ஆள் நீந்திப் போய், மூழ்கி, குழவியைத் தூக்குவார். தண்ணீர் கரைக்கு அடியில் உள்ள சுருங்கை வழியாக வெளியே பாயும். பாயும் வேகத்தில் அடியில் படிந்த சேறும் சேறோடி வழியே இழுபட்டு வயலுக்குப் போய் உரமாகும். வண்டல் சேர்ந்த பிறகு கோடி ரூபாய் செலவழித்து அள்ளுவதை விட, ஒவ்வொரு பாய்ச்சலிலும் கொஞ்சம் வெளியேற்றுவது எவ்வளவோ புத்திசாலித்தனம். குமிழி அமைத்துக் கொடுத்தவர்களின் பெயர்களை அந்தத் தூண்களிலேயே பொறித்த கல்வெட்டுகளும் மாவட்டத்தில் கிடைத்துள்ளன. பராமரிப்புச் செலவுக்கென்று ஏரிப்பட்டி என்ற பெயரில் நிலம் ஒதுக்கும் வழக்கம் தமிழகக் கல்வெட்டுகளில் பரவலாகக் காணப்படுகிறது.

1948 மார்ச் 3 வரை புதுக்கோட்டை தொண்டைமான் மன்னர்களின் தனிச் சமஸ்தானம். 1878 முதல் 1894 வரை நிர்வாகத்தைக் கவனித்த சேஷையா சாஸ்திரி, நகரின் தெருக்களை ஒழுங்குபடுத்தியதோடு பல்லவன்குளம், புதுக்குளம் போன்ற நீர்நிலைகளையும் சீர்செய்தவர். ஊர்ப்புறத்தில் வேலை குடிமராமத்தாக நடந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வருவது முறை. பிறகு நீர்நிலைகள் பொதுப்பணித் துறை, ஊராட்சி என்று அலுவலகங்களின் கைக்குப் போயின. ஊர்க்காரருக்கும் கண்மாய்க்கும் இருந்த கணக்கு முடிந்தது. மின்மோட்டாரும் ஆழ்குழாய்க் கிணறும் வந்ததும், தோட்டத்துக்குள்ளேயே தண்ணீர் வைத்திருப்பவர் கரை உடைந்தாலும் கவலைப்படத் தேவையில்லை என்றாயிற்று. உள்வாயில் சீமைக் கருவேலம் மண்டியது. 1974-இல் தொடங்கிய தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் காகித ஆலைகளுக்காகத் தைலமரம் நட்டது. அந்தத் தோட்டங்களில் மழைநீரைத் தடுக்க வெட்டிய வாரிகளும் வரப்புகளும் கண்மாய்க்கு வர வேண்டிய நீரை மேட்டிலேயே நிறுத்திவிடுகின்றன என்பது இம்மாவட்ட விவசாயிகள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் குறை.

அரசும் சும்மா இருக்கவில்லை. 2017 மார்ச்சில் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே ஒரு திட்டம் வந்தது. முதல் கட்டத்தில் 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள். விவசாயிகள் பத்தில் ஒரு பங்கைப் பணமாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் பட்டியலில் இல்லாத குளம் பட்டியலில் இல்லாததுதான். ஆலங்குடி வட்டார இளைஞர்கள் கையில் எடுத்தவற்றில் பல அப்படிப்பட்டவை.

வேலை நடக்கும் விதம் எளிமையானது. முதலில் பணம். உள்ளூர் நன்கொடை, சிங்கப்பூர், வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர்கள் அனுப்பும் தொகை, வண்டி வைத்திருப்பவர் டீசல் செலவுக்கு மட்டும் ஓட்டித் தருவது என்று பல வழிகள். இது மொய் விருந்து வழக்கம் உள்ள வட்டாரம். ஆடி, ஆவணியில் பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு, நோட்டில் எழுதி வாங்கும் பணம் ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தும். வாங்கியவர் அடுத்தவர் விருந்தில் திருப்பிச் செய்தாக வேண்டும். பத்து பேர் பணத்தை ஓரிடத்தில் சேர்ப்பதும், வரவு செலவை நாலு பேர் முன்னால் படித்துக் காட்டுவதும் இங்கே புதிதாகக் கற்க வேண்டியவை அல்ல. வரவு செலவை அவ்வப்போது வாட்ஸ்அப் குழுவில் போடுவது மட்டும் இந்தக் காலத்துச் சேர்க்கை.

அடுத்தது அனுமதி. குளம் ஊராட்சியுடையதா, பொதுப்பணித் துறையுடையதா (இப்போது நீர்வளத் துறை) என்று பார்த்து அதற்குரிய அலுவலகத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். பிறகு கருவேலத்தை வேரோடு பிடுங்கி, பொக்லைன் இறக்கி, அள்ளிய மண்ணில் கரையை உயர்த்துகிறார்கள். மிச்ச வண்டலை வயலுக்குக் கொண்டுபோகலாம். குளத்து மண் செம்மண் தோட்டத்துக்கு நல்ல எரு. கரை மேல் பனை விதை ஊன்றுகிறார்கள், அதன் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும் என்பதால். சில குளங்களின் நடுவே மண்ணைக் குவித்துத் திட்டு எழுப்பி, பறவைகளுக்காக மரக்கன்றும் நடுவதுண்டு.

படம் எடுக்க ஏற்ற பகுதி இதுதான். கடினமான பகுதி குளத்துக்கு வெளியே இருக்கிறது. வரத்து வாரி (நீர் கொண்டுவரும் கால்வாய்) இல்லாத குளம், எவ்வளவு ஆழமாக வெட்டினாலும், தன் மேல் விழும் மழையை மட்டும் வாங்கும் பள்ளம். பழைய கண்மாய்கள் சங்கிலியாக அமைந்தவை: மேல் கண்மாய் நிரம்பிக் கலிங்கு வழியே வழிந்தால் அது கீழ்க் கண்மாய்க்கு வரத்து. இடையில் உள்ள வாரியை ஒருவர் வேலிக்குள் அடைத்திருப்பார், இன்னொருவர் அதன் மேல் பாதை போட்டிருப்பார், மூன்றாமவருக்குப் பட்டாவே இருக்கும். அதைத் திறக்க வருவாய்த் துறையின் நில வரைபடமும் வேண்டும், ஊர்ப் பெரியவர்களின் சமாதானமும் வேண்டும். பொக்லைன் ஒரு வாரத்தில் முடிக்கும் வேலைக்கு நன்கொடை கிடைத்துவிடும். வாரியைத் திறக்கச் சொந்தக்காரர், பங்காளி என்று பார்க்காமல் பேசத் துணிய வேண்டும். ஊர்த் திட்டத்தின் தரத்தை அளக்க வேண்டுமென்றால், எத்தனை குளம் வெட்டினார்கள் என்பதை விட எத்தனை அடி வாரி மீட்டார்கள் என்று கேட்பதே நியாயம்.

குள வேலை வெறும் மண் மேல் முளைத்ததல்ல. சேந்தன்குடியில் மரம் தங்கசாமி தம் நிலத்தையே 'கற்பகச் சோலை'யாக்கி, திருமணம், காதுகுத்து என்று எந்த விசேஷத்துக்குப் போனாலும் மரக்கன்று கொடுக்கும் பழக்கத்தைப் பரப்பியவர். 2018 செப்டம்பரில், புயலுக்கு இரண்டு மாதம் முன்பு காலமானார். மாவட்டத்தின் இன்னொரு புறம், ஒடுகம்பட்டியில் கொழுஞ்சிப் பண்ணை. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் முன்னின்று தொடங்கிய 'குடும்பம்' அமைப்பின் இந்தப் பண்ணை, ஒன்றும் விளையாது என்று ஒதுக்கிய பொட்டல் நிலத்தில் மழைநீரைத் தேக்கியும் மூடாக்குப் போட்டும் மரம் வளர்த்துக் காட்டியது. 2017 பிப்ரவரியில் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்துக் கிளம்பிய போராட்டம் மாதக்கணக்கில் நீடித்தது. நிலத்துக்கு அடியில் என்ன நடக்க வேண்டும் என்பதில் ஊரையும் கேட்க வேண்டும் என்ற எண்ணம் அப்போது வலுப்பட்டது. 2020-இல் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய சட்டத்தில், அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஆகிய ஐந்து புதுக்கோட்டை ஒன்றியங்களும் சேர்ந்தன.

இங்கிலாந்தின் டாட்னஸ் நகரில் 2006-இல் தொடங்கிய 'மாற்ற நகர்' இயக்கம் உலகம் முழுக்கப் பேசப்படுகிறது. எண்ணெயைக் குறைவாக நம்பி வாழ ஓர் ஊர் தானே திட்டம் போடுவது அதன் உள்ளடக்கம். ஆனால் ஆலங்குடி வட்டாரத்துக்கு நெருக்கமான பாடம் மகாராஷ்டிரத்தின் ஹிவ்ரே பஜாரில் இருக்கிறது. மழைநீரைத் தேக்கியதோடு அந்த ஊர் நிற்கவில்லை. பாசனத்துக்குப் போர்வெல் போடக்கூடாது என்று தனக்குத்தானே கட்டுப்பாடு விதித்துக்கொண்டது. அந்த ஆண்டு எவ்வளவு மழை பெய்தது, அதை வைத்து எந்தப் பயிர் வைக்கலாம் என்று கிராமசபையில் கணக்குப் போடுகிறது.

புதுக்கோட்டை ஊர்களில், தேக்கிய நீரின் செலவுக்குக் கட்டுப்பாடு விதிக்கும் இந்தப் பாதி இன்னும் தொடங்கவில்லை. குளம் நிரம்பினால் நிலத்தடி நீர் ஏறுகிறது; ஏறிய நீரை வாழைக்கும் தென்னைக்கும் இறைக்க இன்னொரு போர் போடுவதைத் தடுக்க ஊரில் விதி எதுவும் இல்லை. மாநில அளவிலும் வலுவான துணை கிடையாது: 2003-இல் இயற்றிய தமிழ்நாடு நிலத்தடி நீர்ச் சட்டம் நடைமுறைக்கே வராமல் 2013-இல் ரத்தானது. எனவே ஊர் தானே முடிவெடுத்தால்தான் உண்டு. அதற்கான மேடை கையருகிலேயே இருக்கிறது. மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று, தமிழ்நாட்டின் ஊராட்சிகளில் கிராமசபை கூடுகிறது. ஊரில் எத்தனை போர்வெல், எந்த ஆழம், எந்தப் பயிருக்கு எவ்வளவு தண்ணீர் என்ற பட்டியலை அன்று வாசிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவருக்கும் உண்டு. அடுத்த கூட்டத்துக்குப் போகிறவர்கள் அந்தக் கேள்வியைத் தீர்மானமாகவே எழுதிக் கொண்டுபோகலாம்.