‘ஆவணங்கள்’ இருக்கும் இடம்

கணினியில் ‘டெஸ்க்டாப்’, ‘ஆவணங்கள்’, ‘படங்கள்’, ‘பதிவிறக்கங்கள்’ என்று தெரியும் கோப்புறைகள் வன்தட்டில் எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பயனரே தீர்மானிக்கலாம். உலாவி ஒரு கோப்பை இறக்கும்போது, பதிவிறக்கங்களுக்கான இடம் எது என்று இயங்குதளத்தின் குறிப்பைப் பார்த்து, அங்கே காணும் முகவரியில் கோப்பைச் சேர்க்கிறது. அந்த முகவரியை மாற்றினால், அதைப் பார்த்து நடக்கும் மென்பொருள்கள் எல்லாம் புதிய இடத்துக்குப் போகும்.

இருக்கும் இடம் வேறு, ஆளும் கணக்கு வேறு என்பதற்குப் பத்மநாபபுரம் அரண்மனை நல்ல எடுத்துக்காட்டு. தக்கலைக்கு அருகே, கன்னியாகுமரி மாவட்டத்தில் நிற்கும் அரண்மனையைப் பராமரிப்பது கேரள அரசின் தொல்லியல் துறை. 1956 நவம்பர் 1 அன்று மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த பிறகும் அந்த ஏற்பாடு தொடர்கிறது. அதேபோல, ‘டி’ டிரைவில் கிடக்கும் ஒரு கோப்புறை ‘சி’ டிரைவில் உள்ள பயனர் கணக்கின் ‘ஆவணங்கள்’ ஆக இருக்க முடியும்.

இந்த வசதியின் அருமை, இரண்டு இயங்குதளங்கள் உள்ள கணினியில்தான் நன்றாகப் புரியும். தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்கு விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்த கணினிகள் வழங்கப்பட்டன. பாஸ், சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய இந்திய இயங்குதளம். இத்தகைய கணினியில் விண்டோஸின் ‘ஆவணங்கள்’ ஒன்று, லினக்ஸின் ‘ஆவணங்கள்’ வேறொன்று. ஒன்றில் எழுதிய கட்டுரையை மற்றொன்றின் ‘ஆவணங்களில்’ தேடினால் கிடைக்காது. இரண்டின் முகவரியையும் ‘டி’ டிரைவில் உள்ள ஒரே கோப்புறைக்குத் திருப்பினால் சிக்கல் தீரும்.

விண்டோஸில் கோப்புறையின் மீது வலச்சொடுக்கி, ‘ப்ராப்பர்ட்டீஸ்’ திறந்து, ‘லொகேஷன்’ பகுதியில் ‘மூவ்’ அழுத்திப் புதிய இடத்தைக் காட்ட வேண்டும். பழைய கோப்புகளையும் நகர்த்தலாமா என்று விண்டோஸே கேட்கும். டிரைவை அப்படியே காட்டாமல், அதற்குள் தனிக் கோப்புறை ஒன்றை உருவாக்கிக் காட்டுவதே பாதுகாப்பு. ஒன்டிரைவ் காப்பு வசதியை இயக்கினால் அதுவும் ‘ஆவணங்களை’த் தன் கோப்புறைக்குள் மாற்றிக்கொள்ளும், பழைய இடத்தில் கோப்பு காணாமல்போக இது ஒரு காரணம்.

லினக்ஸில் டெஸ்க்டாப், பதிவிறக்கம், வார்ப்புரு, பொதுப்பகிர்வு, ஆவணம், இசை, படம், வீடியோ என்னும் எட்டுக்கும் உரிய முகவரிகள், பயனரின் ‘.கான்ஃபிக்’ கோப்புறைக்குள் ‘யூசர்-டிர்ஸ்.டிர்ஸ்’ என்ற சிறு உரைக்கோப்பில் வரிக்கு ஒன்றாக எழுதப்பட்டிருக்கும். உரிய வரியைத் திருத்திவிட்டு, கணக்கிலிருந்து வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும். 1795இல் திருவிதாங்கூர் அரசின் தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது. அரண்மனை பத்மநாபபுரத்திலேயே நின்றது. இந்தத் திருத்தமும் அப்படித்தான்: பொறுப்பு மட்டும் புதிய இடத்துக்குப் போகும், கோப்புகளைப் பயனரே கையால் நகர்த்த வேண்டும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. குறித்த கோப்புறை கணக்கில் நுழையும் நேரத்தில் இல்லையென்றால், லினக்ஸ் அந்த முகவரியைப் பயனரின் முகப்புக் கோப்புறைக்கே மாற்றிவிடும். எனவே கழற்றி மாட்டும் பென்டிரைவை முகவரியாகக் கொடுக்கக் கூடாது. ‘டி’ டிரைவும் கணினி தொடங்கும்போதே தானாக இணையும்படி அமைக்கப்பட வேண்டும். விண்டோஸ் 8 முதல் வந்த ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ வசதி இயங்கினால், கணினியை அணைத்தாலும் விண்டோஸ் டிரைவை முழுமையாக விடுவிப்பதில்லை. அப்போது லினக்ஸில் கோப்புகளைப் படிக்க முடிந்தாலும் எழுத முடியாமல் போகலாம். அந்த வசதியை நிறுத்திவைப்பது நல்லது.

பல லினக்ஸ் மேசைத்தளங்களில் மொழியைத் தமிழுக்கு மாற்றினால், கோப்புறைப் பெயர்களையும் மாற்றலாமா என்று அடுத்த நுழைவில் ஒரு கேள்வி வரும். ஒப்புக்கொண்டால் தமிழ்ப் பெயருடன் புதிய கோப்புறைகள் உருவாகும். பழையவற்றில் உள்ள கோப்புகள் தானாக இடம் மாறுவதில்லை. மாற்றம் எதுவானாலும், தொடங்குமுன் கோப்புகளுக்கு ஒரு நகல் எடுத்துவைக்க வேண்டும். முடிந்தபின் சோதனைக்கு ஒரு கோப்பைச் சேமித்து, அது புதிய இடத்தில் இருப்பதைப் பார்த்த பிறகே பழைய கோப்புறையை நீக்க வேண்டும்.