வழக்கில் ஜெயித்தார் ஷேக்... ஆனாலும் வலித்தது!

1951-ம் ஆண்டு. அபுதாபி ஷேக்குக்கும் ஒரு வெளிநாட்டு எண்ணெய் கம்பெனிக்கும் தகராறு. 1939-ல் ஷேக் எழுதிக்கொடுத்த எண்ணெய் உரிமை, கரையோரக் கடலோடு நிற்கிறதா, அதற்கு அப்பால் உள்ள கடலடி நிலத்துக்கும் சேருமா என்பதுதான் கேள்வி. விஷயம் கோர்ட்டுக்குப் போகவில்லை. லார்ட் ஆஸ்க்வித் என்ற பிரிட்டிஷ் நீதிபதியிடம் போனது.

‘அப்பால் உள்ளது கம்பெனிக்குச் சேராது’ என்றார் அவர். ஷேக்குக்கு வெற்றிதான். ஆனால், அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருந்தது. நவீன வணிக ஒப்பந்தத்துக்குப் பொருத்திப் பார்க்கும்படியான நிலையான சட்டம் அங்கே இல்லை என்று சொல்லி, உள்ளூர்ச் சட்டத்தை ஆஸ்க்வித் ஒதுக்கிவைத்தார். அரபு சட்ட அறிஞர்கள் இன்றுவரை மறக்காத காயம் அது.

அடுத்த காயம் சவூதிக்கு. கப்பல் அதிபர் ஒனாசிஸுடன் 1954-ல் எண்ணெய் ஏற்றிச்செல்ல ஒப்பந்தம் போட்டது சவூதி அரசு. ‘அந்த உரிமை எங்களுடையது’ என்றது அராம்கோ. 1958-ல் நடுவர் மன்றம் அராம்கோ பக்கம் நின்றது. 1963-ல் சவூதி அமைச்சரவை, அரசுத் துறைகள் இனி ஆர்பிட்ரேஷனுக்குப் போகவே கூடாது என்று தடை போட்டுவிட்டது.

பழைய வழக்கம், புதிய பயம்

இத்தனைக்கும், நடுவர் வைத்துத் தீர்ப்பது அரபு மண்ணுக்குப் புதிதல்ல. ‘தஹ்கீம்’ என்று அதற்குப் பெயரே உண்டு. கஅபாவைப் புதுப்பித்தபோது, கறுப்புக் கல்லை யார் எடுத்துவைப்பது என்று குலங்கள் மோதிக்கொள்ள, நபிகள் நாயகம் ஒரு துணியை விரித்துக் கல்லை அதில் வைத்து, எல்லாக் குலத் தலைவர்களையும் ஆளுக்கொரு பக்கம் பிடிக்கச் சொன்ன கதை பலரும் அறிந்ததுதான். பயம் நடுவர்மேல் அல்ல. அந்த நடுவர் எப்போதும் வெளியூர்க்காரராகவே இருந்ததுதான் பிரச்னை.

அப்படியானால் சொந்தமாக நடுவர் மையம் அமைப்பதுதானே வழி? 1979-ல் கெய்ரோவில் பிராந்திய மையம் தொடங்கியது. 1993-ல் வளைகுடா நாடுகள் சேர்ந்து பஹ்ரைனில் ஒன்று, 1994-ல் துபாயில் ஒன்று என்று வரிசையாக வந்தன. தடை போட்ட சவூதியும் மனம் மாறியது. ஒரு நாட்டில் சொன்ன நடுவர் தீர்ப்பை இன்னொரு நாட்டில் செல்லுபடியாக்கும் 1958 நியூயார்க் உடன்படிக்கையில் 1994-ல் சேர்ந்தது. 2012-ல் புதுச் சட்டம் கொண்டுவந்தது. பிறகு ரியாத்தில் சொந்த மையமும் வந்தது. 2016-ல் ஒரு வணிகத் தகராறில் பெண் ஒருவர் நடுவராக அமர்வதை அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது.

கட்டடம் போதாது

மையம் இருந்தால் மட்டும் போதுமா? துபாய் விமானப் போக்குவரத்துத் துறைக்கு எதிராக அமெரிக்காவின் பெக்டெல் நிறுவனம் 2 கோடி டாலருக்கும் மேல் வென்ற தீர்ப்பை, 2004-ல் துபாயின் உச்சபட்ச நீதிமன்றம் ரத்து செய்தது. காரணம்? சாட்சிகள் சட்டம் சொன்ன முறையில் சத்தியப்பிரமாணம் எடுக்கவில்லை! பல வருட உழைப்பு ஒரு சடங்கில் போனது. வெளிநாட்டு முதலீட்டாளர்கள் மிரண்டார்கள்.

அமீரகம் 2006-ல் நியூயார்க் உடன்படிக்கையில் சேர்ந்ததும், 2018-ல் தனி ஆர்பிட்ரேஷன் சட்டம் போட்டதும் அந்த மிரட்சியைப் போக்கத்தான். தீர்ப்பு கைக்கு வந்த 30 நாளுக்குள் ரத்து கேட்க வேண்டும். அதைத் தாண்டினால் முடியாது என்கிறது புதுச் சட்டம்.

ஆனாலும், 2021 செப்டம்பரில் துபாய் அரசு ஒரே ஆணையில், லண்டன் கூட்டோடு நடந்த தன் இன்னொரு மையத்தைக் கலைத்து துபாய் மையத்தோடு இணைத்தது. பழைய ஒப்பந்தங்கள் செல்லும் என்று ஆணை சொன்னபோதும், ‘என் தகராறு இனி எங்கே போகும்?’ என்று பல கம்பெனிகள் வக்கீல்களைத் தேடி ஓடின. நம்பிக்கை சேர வருடங்கள் ஆகும். ஆட்டம்காண ஒரு நாள் போதும்.

கடைசிப் பக்கத்தைப் படியுங்கள்

துபாய், ஷார்ஜாவில் கடை வைத்திருக்கும், சப்-கான்ட்ராக்ட் எடுக்கும் நம் ஆட்கள் ஏராளம். விலை, தேதி எல்லாம் பேசிவிட்டு, தகராறு வந்தால் என்ன என்ற கடைசிப் பக்கத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறோம். எந்த மையம், எந்த ஊர், எந்த நாட்டுச் சட்டம், எந்த மொழி... இந்த நான்கும் அங்கே தெளிவாக இருக்க வேண்டும். 10 லட்சம் திர்ஹாம் வரையிலான வழக்குகளை விரைவாக முடிக்க துபாய் மையத்தின் 2022 விதிகளில் வழி இருக்கிறது. எதிராளியின் சொத்து சவூதியில் என்றால் இன்னும் கவனம் தேவை. ஷரீஅத் வட்டியை ஏற்காது என்பதால், தீர்ப்பில் வட்டி சேர்ந்திருந்தால் அந்தத் தொகை கைக்கு வராமல் போகலாம்.

இதெல்லாம் வியாபார ஒப்பந்தங்களுக்குத்தான். சம்பளப் பாக்கி கேட்கும் தொழிலாளிக்கு ஆர்பிட்ரேஷன் வேண்டாம். அவருக்குத் தொழிலாளர் துறையும் அதன் நீதிமன்றமும் இருக்கின்றன.

நடுவர் மேல் இரண்டு பக்கமும் வைக்கும் நம்பிக்கைதான் ஆர்பிட்ரேஷனின் முதலீடு. தோற்றவரும் ‘சரி, நியாயமாகத்தான் கேட்டார்கள்’ என்று பணத்தை எண்ணிவைக்கும் நாளில்தான் அது முழுதாகச் சேரும். அரபு நாடுகள் அதை நோக்கித்தான் நடந்துகொண்டிருக்கின்றன.