குளிர் காயும் நெருப்பில் ஒரு நஞ்சு

டிசம்பர் பிறந்துவிட்டால் லோதி ரோடு பக்கம் காவற்காரர்கள் நெருப்பு மூட்டிக் குளிர் காய்வதைப் பார்க்கலாம். விறகு தீர்ந்தால் பழைய டயரும் உள்ளே போகும். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நம்மவர்களும் கையை நீட்டிக்கொண்டு நிற்பதுண்டு.

அந்தப் புகையில் பென்ஸோபைரீன் என்ற ரசாயனம் இருக்கிறது. பீடி, சிகரெட் புகையிலும் உண்டு. புகைபோக்கி துடைக்கும் தொழிலாளருக்குப் புற்றுநோய் வருவதை லண்டன் டாக்டர் பெர்சிவல் பாட் 1775-லேயே எழுதிவிட்டார். நிலக்கரித் தாரிலிருந்து இந்த ரசாயனத்தைப் பிரித்தெடுத்ததோ 1933-ல்தான்.

வேடிக்கை என்னவென்றால், இதை வெளியேற்றுவதற்காக உடம்பே இதை வேறு பொருளாக மாற்றுகிறது. அந்தப் பொருள்தான் டி.என்.ஏ.வில் போய் ஒட்டிக்கொள்கிறது. செல் பிரியும்போது நகல் பிசகுகிறது. ஆபீஸில் நகலை மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துகிறோம் அல்லவா? செல்லுக்கும் அந்த வசதி உண்டு. ஆனால் தப்பிவிட்ட பிழை, செல் பெருக்கத்தை அடக்கும் 'பி-53' மரபணுவில் விழுந்தால் ஆபத்து. நுரையீரல் புற்றில் அந்த மரபணு அடிக்கடி கெடும் முக்கிய இடங்களில்தான் இது ஒட்டுகிறது என்று 1996-ல் விஞ்ஞானிகள் கண்டார்கள்.

டில்லியில் காற்று மாசு மிகும் நாட்களில் காவலருக்கு மின்சார ஹீட்டர் தரவேண்டும் என்று காலனிச் சங்கங்களுக்கு அரசின் காற்றுத்தர ஆணையம் சொல்லியிருக்கிறது. இரவுக் காவலில் இருப்பவர்கள் தயங்காமல் கேட்கலாம்.