பெயரில் தொடங்கும் குடியாட்சி

குடியாட்சி பாராளுமன்றத்தில் தொடங்குவதன்று. வாக்காளர் பட்டியலில் நம் பெயர் ஏறும்போதே தொடங்குவது.

1950 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பு, கல்வியோ சொத்தோ கேளாமல், 21 வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை அளித்தது. 1951-52-இல் நடைபெற்ற முதற் பொதுத் தேர்தலுக்கு ஏறத்தாழ 17 கோடிப் பேர் பதிவாயினர். ஆயின், வடபுலத்துப் பெண்கள் பலர் தம் பெயரைச் சொல்ல நாணி, 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் தாய்' என்றே எழுதச் செய்தனர். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் இதற்கு இசையவில்லை. ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் பட்டியலினின்று நீக்கப்பட்டனர். கடுமையான முடிவே, எனினும் அதன் கருத்து தெளிவானது: வாக்கு உறவுமுறைக்கு உரியதன்று, ஆளுக்கு உரியது.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. சொந்த ஊரில் வீடு இருப்பதொன்றே அங்கு வாக்குரிமை தந்துவிடாது. வழக்கமாகக் குடியிருக்கும் தொகுதியிலேயே பதிவு செய்தல் வேண்டும் என்பது சட்டம். 1989 முதல் வயது வரம்பு 18. நம் இல்லத்துப் பெண்டிர், வயது வந்த மக்கள் ஆகியோரின் பெயர்கள் இங்குள்ள பட்டியலில் உள்ளனவா? அன்பர்களே, இன்றே பார்ப்போமாக! பெயரில்லா வீட்டின் குரல் அவைக்கு எட்டாதன்றோ?